ஓரக்கண்ணில் மட்டும் தெரிவது

ஆகஸ்ட் 17

மொட்டை மாடியில் இருந்த பழைய தொலைநோக்கியை இன்று கீழே இறக்கினோம். ஆறடி நீளப் பிளாஸ்டிக் குழாய். இரண்டு ஆள் தூக்க வேண்டும். மேலே நான், கீழே காதர் மைதீன். படி திரும்புகிற இடத்தில் குழாய் சுவரில் மோதி ஒரு முழத்துக்குச் சுண்ணாம்பு பெயர்ந்துவிட்டது. "இடது பக்கம் சுவர் இருக்குன்னு சொன்னேன்லண்ணே" என்றான் காதர். சொன்னானாம். வீடு கட்டியவன் நான். என் வீட்டில் சுவர் எங்கே இருக்கிறதென்று எனக்கே பாடம் எடுக்கிறான்.

காதருக்குப் பிளைவுட் கடை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவன். மில்லில் எலக்ட்ரிக்கல் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு மிஞ்சிய ஒரே கூட்டாளி. இரண்டு பேருக்கும் வானத்துப் பைத்தியம். ஆனால் திண்டுக்கல் மொட்டை மாடியில் இனி என்ன தெரியும்? நாலு பக்கமும் தெரு விளக்கு, கல்யாண மண்டபத்து விளக்கு. சந்திரன் தெரியும், வியாழன், சனி தெரியும். மற்றதெல்லாம் வெளிச்சத்தில் கரைந்துபோய்விட்டது.

அதனால்தான் புதுசு. மொத்தமும் பிரித்து ஒரே பெட்டிக்குள் அடங்க வேண்டும். பெட்டியைக் காரின் பின்சீட்டில் போட்டுக்கொண்டு சிறுமலைக்கு ஏறி, அங்கே மாட்டி நிறுத்திப் பார்க்க வேண்டும். எட்டங்குலக் கண்ணாடியை நானும் காதரும் கையாலேயே தேய்த்துக் குழி எடுத்துக்கொண்டிருக்கிறோம், பொங்கலிலிருந்து. வரும் தை அமாவாசைக்கு மலையில் கூடாரம். முக்கோணம் என்கிற சின்ன நட்சத்திரக் கூட்டத்தின் பக்கத்தில் ஒரு விண்மீன் திரள் இருக்கிறது. புகை மாதிரி, அத்தனை மங்கல். இருபது வருடமாகத் தேடுகிறேன், ஊர் வெளிச்சம் காட்டியதில்லை. நானே தேய்த்த கண்ணாடியில், என் கண்ணால், அதை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். வேறு ஆசை ஒன்றும் பாக்கி இல்லை.

ஜெசியும் வருகிறேன் என்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் மாடிக்கு வந்ததெல்லாம் வற்றல் காயப்போடத்தான்.

ஆகஸ்ட் 24

ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் தேய்ப்பு. ஒரு டிரம்மின் மேல், தார் மாதிரிக் கீல் ஊற்றிய தட்டு. அதன் மேல் பாலிஷ் பொடிக் குழம்பு. அதன் மேல் கண்ணாடி. முன்னும் பின்னும் ஆறேழு தேய், கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பு, டிரம்மைச் சுற்றி ஓர் அடி வை. மறுபடியும் தேய். செக்கு மாடு தோற்றுவிடும். காதர் ஒரு சட்டம் வைத்திருக்கிறான்: கோபமாக இருக்கிறவன் கண்ணாடியைத் தொடக் கூடாது. கை ஒரு பக்கம் அழுத்திவிடும், குழி கோணிவிடும். அதனால் ஜெசியிடம் சண்டை போட்ட நாளெல்லாம் எனக்கு விடுமுறை.

இன்றும் சண்டை. மாதா கோவிலில், பூசை நடுவே ஒருவருக்கொருவர் கும்பிட்டுச் சமாதானம் சொல்லும்போது பக்கத்தில் நின்ற சவரியம்மாள் டீச்சர் என்னைப் பார்த்துக் கை கூப்பினாராம். நான் கண்டுகொள்ளாமல் நின்றேனாம். "ரெண்டு தடவ கும்பிட்டாங்க. சிலை மாதிரி நிக்கிறீங்க" என்றாள் ஜெசி. நான் சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோவிலுக்குப் போனால் வேறு எங்கே பார்ப்பது?

செப்டம்பர் 7

பெட்டி வேலை. காதர் நல்ல பிளைவுட்டாகக் கொண்டுவந்தான். ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று பெட்டி. வெளிப்பெட்டி தரையில் உட்காரும் அடித்தளம், நடுப்பெட்டியில் கண்ணாடி, உள்பெட்டி மேலே போய் நிற்கும். நடுப்பெட்டியையும் உள்பெட்டியையும் இணைக்க எட்டு அலுமினியக் குழாய். எல்லாம் கையாலேயே திருகும் மரைகள். இருட்டில் ஸ்பேனர் தேட முடியாது.

வேலை செய்கிற இடத்தில் எவனோ பொருட்களை ஒளித்துவைக்கிறான். ஸ்க்ரூடிரைவரைக் கால் மணி நேரம் தேடினேன். என் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்தது என்று காதர் எடுத்துக் கொடுத்தான். கொஞ்ச நேரத்தில் டீ டம்ளர் உருண்டு, பெட்டியில் ஒட்ட வைத்திருந்த சன்மைக்கா முழுக்கச் சாயம். டம்ளரை ஜெசி எப்போதும் ஓரத்தில்தான் வைப்பாள். நடுவில் வை என்று எத்தனை தடவை சொல்வது.

செப்டம்பர் 20

கண்ணாடி முடிந்தது. இருட்டறையில் பிளேடு சோதனை: ஒரு பொட்டு வெளிச்சத்தைக் கண்ணாடியில் பட்டுத் திரும்பச்செய்து, அதன் குறுக்கே பிளேடை மெல்ல நகர்த்தினால் கண்ணாடி மேல் நிழல் விழும். நிழலின் வடிவம் குழியின் குற்றத்தைக் காட்டிக்கொடுக்கும். காதர் பார்த்துவிட்டு, "மாசு இல்லண்ணே. ஒரு விளிம்புலேருந்து மறு விளிம்பு வரைக்கும் சுத்தம்" என்றான். நானும் பார்த்தேன். நடு நன்றாக இருக்கிறது. விளிம்பு எனக்கு அவ்வளவு தெளிவாக இல்லை, பல்பு போதாது. வேறு பல்பு மாற்றினேன். அதுவும் போதவில்லை. இப்போது வருகிற பல்பெல்லாம் இந்த லட்சணம்தான்.

அக்டோபர் 12

பெங்களூர்ப் பட்டறையிலிருந்து கண்ணாடி அலுமினியப் பூச்சு ஏறி வந்துவிட்டது. மாட்டிப் பார்த்தோம். பெட்டியை ஜெசி ஒரு கையால் தூக்கிக் காட்டினாள். காதர் அதன் மேல் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டான். இவ்வளவு சந்தோஷமாக இருந்து ரொம்ப நாளாகிறது.

அக்டோபர் 21

தீபாவளிக்கு மறுநாள். அமாவாசை. மழை.

நவம்பர் 22

மழை விட்டு வானம் கழுவிவிட்டிருந்தது. மலைக்கு முன்னால் ஓர் ஒத்திகை பார்த்துவிடுவோம் என்று காதர் கடை வண்டியில் பெட்டியை ஏற்றிக்கொண்டு வேடசந்தூர் தாண்டி அவன் மாமாவின் தோப்புக்குப் போனோம். பொழுது சாய்ந்து நன்றாக இருட்டியதும் நிறுத்தினோம். சனி பிரமாதம். வளையம் கம்பி மாதிரி கூர்மை. நட்சத்திரங்கள் ஊசிக்குத்து. அப்புறம் முக்கோணத்துக்குத் திருப்பினேன்.

மங்கலான பொருளை நேராகப் பார்க்கக் கூடாது. நேரே பார்த்தால் மறைந்துவிடும். பார்வையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, கவனத்தை மட்டும் அதன் மேல் வைக்க வேண்டும். இருட்டில் கண்ணின் ஓரத்துக்குத்தான் சக்தி. வானம் பார்க்கிற எல்லோருக்கும் தெரிந்த பழக்கம் இது. காதருக்கே நான்தான் கற்றுக்கொடுத்தேன்.

தள்ளிப் பார்த்தேன். இடம் சரி, சுற்றியிருக்கும் பெரிய நட்சத்திரங்களும் சரி. திரளைக் காணோம். வலப்பக்கம் தள்ளி, இடப்பக்கம் தள்ளி, மேலே, கீழே. இருட்டுதான். "நீ பாரு" என்று நகர்ந்தேன்.

காதர் குனிந்தான்.  பிறகு, "அண்ணே" என்றான். குரல் மாறியிருந்தது. "இருக்குண்ணே. நேரா பாத்தா இல்ல, தள்ளிப் பாத்தா இருக்கு. மூச்சு விட்ட ஆவி மாதிரி. பெருசாண்ணே, நம்ம நெனச்சத விட."

மறுபடி நான் பார்த்தேன். ஒன்றுமில்லை.

"எந்தப் பக்கம் நீட்டமா இருக்கு?" என்று கேட்டேன். சொன்னான். புத்தகத்தில் உள்ளபடியே சொன்னான். புத்தகம் கொடுத்தவனே நான்தானே.

நவம்பர் 23

யோசித்துப் பார்த்தால் விஷயம் தெளிவு. இருபது வருடம் பழகிய கண்ணுக்குத் தெரியாதது அவனுக்குத் தெரியாது. எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாது என்று சொல்லியிருக்கிறான், அல்லது ஆசையில் கண்டதாக நினைத்துக்கொண்டிருக்கிறான். கண்ணாடியின் விளிம்பில் குற்றம். அன்றைக்கே பிளேடு சோதனையில் எனக்குச் சந்தேகம்.

காதர் கடைக்குப் போய்ச் சொன்னேன். பூச்சை எடுத்துவிட்டுத் திரும்பத் தேய்க்கலாம் என்றேன். ஆட்கள் இருக்கிறார்கள் என்றும் பார்க்காமல் கத்திவிட்டான். "பொங்கல்லேருந்து தேச்சது. நான் பாத்தேன்னு சொல்றேன், நீங்க நம்ப மாட்டீங்க. அப்ப நான் பொய்யனா?"

"பொய்யன்னு சொல்லல. உனக்கு அனுபவம் பத்தாதுன்னு சொல்றேன்."

"அண்ணே, ஒரு வார்த்த கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. கண் டாக்டர்கிட்ட எப்ப கடைசியா போனீங்க?"

எழுந்து வந்துவிட்டேன். தினசரி பேப்பரை வரி விடாமல் படிக்கிறேன். ஊசியில் நூல் கோத்து ஜெசிக்குக் கொடுக்கிறேன். என் அப்பாவுக்குக் கடைசியில் கண் தெரியாமல் போனது உண்மை. சர்க்கரையினால் என்று சொல்வார்கள். எனக்குச் சர்க்கரை கிடையாது.

நவம்பர் 25

பெர்ரிக் குளோரைடு ஊற்றிப் பூச்சை எடுத்தேன். ஐந்து நிமிடம்தான். அலுமினியம் கரைந்து, அடியில் வெறும் கண்ணாடி. ஜெசி கதவருகில் நின்றுகொண்டு, "காதர் தம்பிக்குத் தெரியுமா?" என்றாள். இது என் வீடு என்றேன்.

டிசம்பர் 3

தனியாகத் தேய்க்கிறேன். விளிம்புக்குக் கொஞ்சம் கூடுதல் அழுத்தம் கொடுக்கிறேன். காதரின் சட்டப்படி பார்த்தால் நான் டிரம் பக்கமே போகக் கூடாது.

வாசல் படிகளின் விளிம்பில் யாரோ வெள்ளைப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். ஜெசிதான். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் மிச்சமானதாம். பார்க்க ரயில்வே ஸ்டேஷன் மாதிரி இருக்கிறது.

டிசம்பர் 11

ஸ்கூட்டரில் கண்ணாடிக்குப் பொடி வாங்கப் போனேன். மார்க்கெட் சந்து முனையில் ஒரு பூக்காரப் பெண் வானத்திலிருந்து குதித்த மாதிரி வண்டி முன்னால் வந்தாள். மெதுவாகத்தான் போனேன். ஆனாலும் விழுந்துவிட்டாள். மணிக்கட்டு முறிவு. கூட்டம் கூடிவிட்டது. "அவ ரோட்டோரமாத்தான் நடந்து வந்தா. நீதான்யா அவ மேல கொண்டு போய் விட்ட" என்று ஒருவன் சட்டையைப் பிடித்தான். ஆட்டோ வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டு வீட்டில் விட்டேன். பெயர் பாண்டிச்செல்வி. கையில் கட்டோடு, சிதறிய கதம்பத்தை யார் பொறுக்கினார்கள் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவள் வந்ததை நான் பார்க்கவில்லை. அதை மட்டும் எழுதி வைக்கிறேன். நான் பார்த்துக்கொண்டிருந்த ரோட்டில் அவள் இல்லை.

டிசம்பர் 12

 காலையில் ஜெசி தோசை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். "மதுரைக்குப் போய்க் கண்ணக் காட்டுவோம். நானும் வர்றேன்" என்றாள்.

"பூக்காரி குறுக்க வந்ததுக்கு என் கண்ணு என்ன பண்ணும்?"

"அந்தப் பொண்ணு குறுக்க வரலன்னு அங்க இருந்த எல்லாரும் சொல்றாங்க. நான் போய் விசாரிச்சேன்."

என் மனைவி எனக்கெதிராகச் சாட்சி சேகரித்திருக்கிறாள். தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். எழுந்த வேகத்தில் ஸ்டூல் காலில் மோதியது. அதையும் அவள் பார்த்தாள்.

டிசம்பர் 25

ஒவ்வொரு வருடமும் காதர் குடும்பத்தோடு கேக் சாப்பிட வருவான். வரவில்லை. ஜெசி கேக்கை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனாள். ரொம்ப நேரம் கழித்துத் திரும்பினாள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.  கண்கள் சிவந்திருந்தன.

டிசம்பர் 27

கண்ணாடி முடிந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. பூச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

ஜனவரி 6

கண்ணாடிக்கு அடியில் வைக்க ஸ்பிரிங் வாங்க மதுரைக்குப் போகிறேன் என்று ஜெசியிடம் சொல்லிவிட்டுப் பஸ் ஏறினேன். ஸ்பிரிங் திண்டுக்கல்லிலேயே கிடைக்கும்.

ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒரு மெஷின். அதற்குள் முகத்தை வைத்து நடுவில் இருக்கும் மஞ்சள் புள்ளியையே பார்க்க வேண்டும். சுற்றிலும் எங்காவது ஒரு சின்ன வெளிச்சம் மின்னும். மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். வெளிச்சத்தைத் தேடக் கூடாது, நடுவையே பாருங்கள் என்று அங்கிருந்த பெண் இரண்டு முறை சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருடமாக நான் செய்கிற வேலையே இதுதான்.

அழுத்தினேன். இன்னும் இரண்டு மூன்று முறை அழுத்தினேன். அப்புறம் ஒன்றும் வரவில்லை. ரொம்ப நேரம் வரவில்லை.

"ஏம்மா, மெஷின் நின்னு போச்சா?"

"இல்ல சார், ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. நீங்க நடுவுலயே பாருங்க." அவள் குரலில் ஒரு கனிவு வந்திருந்தது. அந்தக் கனிவு எனக்குப் பிடிக்கவில்லை. பொத்தானைக் கையில் பிடித்துக்கொண்டு, மெஷின் ஓடுகிற சின்னச் சத்தத்தைக் கேட்டபடி உட்கார்ந்திருந்தேன்.

டாக்டரும் பெண்தான், சின்ன வயசு. ஒரு காகிதத்தைக் காட்டினார். நடுவில் கொஞ்சம் வெள்ளை, சுற்றிலும் கறுப்பு. "கண் அழுத்த நோய் சார். நடுப் பார்வை நல்லா இருக்கு. படிக்கலாம், எழுதலாம். அதனாலதான் உங்களுக்கே தெரியாமப் போயிருச்சு. ஓரமெல்லாம் போய்ப் பல வருஷம் ஆகியிருக்கும். போனது திரும்பாது. மீதியக் காப்பாத்தப் பாப்போம். சொட்டு மருந்த ஒரு நாளும் விடக் கூடாது. வண்டி ஓட்டவே கூடாது. வீட்லேருந்து யாராவது வந்திருக்காங்களா?"

"வெளிய இருக்காங்க" என்றேன்.

"அப்பா, அம்மா யாருக்காவது கண்ணு...?"

"இல்ல" என்றேன்.

ஜனவரி 7

கண்ணாடியில் குற்றம் இல்லை.

ஜனவரி 8

நேற்று அந்த ஒரு வரிக்கு மேல் எழுத முடியவில்லை. இன்றும் முடியாது போலிருக்கிறது. ஜெசியிடம் சொல்லவில்லை. சொட்டு மருந்தை டூல் பெட்டியில், மரைகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. அப்பா கடைசிக் காலத்தில் சாப்பிடும்போது இலையைத் தடவித் தடவிப் பார்ப்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

ஜனவரி 12

கண்ணாடி வந்தது. மாடியில் வைத்து வியாழனையும் பக்கத்து நட்சத்திரங்களையும் பார்த்தேன். நடுப் பார்வைக்கு இது நன்றாகவே தெரிகிறது: ஊசிக்குத்தாக இருந்த நட்சத்திரத்துக்கெல்லாம் வால் முளைத்திருக்கிறது. விளிம்பை அளவுக்கு மீறித் தேய்த்துத் தின்றுவிட்டேன். பொங்கலிலிருந்து இரண்டு பேர் தேய்த்த கண்ணாடியை ஒரு மாதத்தில் தனி ஆளாகக் கெடுத்திருக்கிறேன்.

ஜெசி கீழேயிருந்து, "எப்படிங்க இருக்கு?" என்றாள். "பார்க்கணும்" என்றேன்.

ஜனவரி 15

பொங்கல். சொட்டு மருந்து டூல் பெட்டியில் இல்லை. எங்கெங்கோ தேடிவிட்டுத் தண்ணீர் எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தால், கதவுத் தட்டில், முட்டைக்குப் பக்கத்தில் நிற்கிறது. குளிரில் வைக்க வேண்டிய மருந்து என்று சீட்டில் போட்டிருந்ததை நான்தான் படிக்கவில்லை.  ஜெசி கரும்பை நறுக்கி என் கைக்கு நேராக நீட்டினாள்.

மாலையில் காதர் வந்தான். ஜெசி கூப்பிட்டிருக்கிறாள். வாசலில் நின்று, "ஞாயித்துக்கிழம மலைக்குப் போறோம்லண்ணே?" என்றான், ஒன்றுமே நடக்காதது மாதிரி. போகிறோம் என்றேன். போய்த்தான் ஆக வேண்டும். கண்ணாடி கெட்டிருக்கிறது என்பதை அவன் தன் கண்ணால் பார்த்துவிட்டால், அதற்குமேல் என் கண்ணைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

ஜனவரி 19

நேற்று நடந்ததை எழுதுகிறேன்.

பகல் வெளிச்சத்திலேயே மலை ஏறினோம். நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் காதர், பின்சீட்டில் ஜெசி, அவளோடு பெட்டியும் கூடாரமும். டாக்டர் சொன்னது காதில் இருந்தது. இருந்தும் சாவியைக் கொடுக்க மனசு வரவில்லை. கொடுத்தால் ஏன் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது வளைவில் வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று திடீரென்று முளைத்தது. காதர் கை நீட்டி ஸ்டியரிங்கைப் பிடித்து ஒடித்தான். கார் தடுப்புச் சுவரில் உரசிக்கொண்டு நின்றது. "நான் கொஞ்ச நேரம் ஓட்டட்டுமாண்ணே?" என்றான். "என் கார்" என்றேன். பின்னால் ஜெசி ஜெபமாலை சொல்லும் முணுமுணுப்பு நின்று, மறுபடி ஆரம்பித்தது. அதற்கப்புறம் மாட்டு வண்டி வேகத்தில் ஏறினேன்.

காதரின் வாடிக்கையாளர் ஒருவருடைய காப்பித் தோட்டம். நடுவில் ஒரு வெட்டவெளி. ஜெசியும் காதரும் கூடாரத்துக் கயிற்றோடு மல்லுக்கட்டி முடிப்பதற்குள் நான் தொலைநோக்கியை நிறுத்திவிட்டேன். பெட்டிக்குள்ளிருந்து பெட்டி, எட்டுக் குழாய், கைத்திருகு மரைகள். எல்லாம் நினைத்தபடியே பொருந்தியது. கண்ணாடியைத் தவிர எதிலும் பிழை இல்லை.

இருட்டியது. ஜெசி அண்ணாந்து பார்த்து, "யாத்தே, இவ்வளவா இருக்கு?" என்றாள். எனக்கு ஒரு கைப்பிடி அளவுதான் தெரிந்தது. தலையைத் திருப்பித் திருப்பி அந்தக் கைப்பிடியைச் சேர்த்துக்கொண்டே போனேன். இத்தனை நாள் எல்லோரும் இப்படித்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்திருக்கிறேன்.

முக்கோணத்துக்குத் திருப்பிவிட்டுக் காதரைக் கூப்பிட்டேன். குனிந்தான். குவியக் குழலை உள்ளே தள்ளினான், வெளியே இழுத்தான். 

"என்னண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

"என்ன?"

"எல்லாத்துக்கும் வால் முளைச்சிருக்கு. திரள் இருக்குற எடத்துல ஒண்ணுமே இல்ல."

"நான் அப்பவே சொன்னேன்ல. இந்தக் கண்ணாடி சரியில்லன்னு நவம்பர்லயே சொன்னேன்."

"நவம்பர்ல நல்லா இருந்துச்சு. நான் பாத்தேண்ணே."

"ஆசைல பாத்திருப்ப. கண்ணு அப்படித்தான் ஏமாத்தும். எனக்குத் தெரியாதா?"

காதர் தரையைப் பார்த்தான். ஜெசி சால்வையைப் போர்த்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றாள். "இருக்கலாம்ணே" என்றான் கடைசியில். "எனக்கே இப்ப சந்தேகமாத்தான் இருக்கு. தோப்புல பாத்தது நெசமா, இல்ல நானா நெனச்சுக்கிட்டதான்னு."

ஜெயித்துவிட்டேன். இதற்காகத்தான் மலை ஏறினேன், இது கிடைத்துவிட்டது.  அங்கே ஒரு நிமிடம்கூட நிற்க முடியவில்லை. "கூடாரமெல்லாம் வேண்டாம், மடிச்சு வைங்க, இறங்குவோம்" என்றேன். "இந்த நேரத்துலயா?" என்றான் காதர். மணி எட்டுகூட ஆகவில்லை என்றேன்.

எல்லாவற்றையும் ஏற்றி, நான் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்து விளக்கைப் போட்டேன். காதர் பக்கத்தில் ஏறினான். ஜெசி ஏறவில்லை.

"நீங்க ஓட்டுறதா இருந்தா நான் ஏறல. நடந்து வர்றேன்."

"பதினெட்டு வளைவு, ஜெசி. காட்டெருமை நடமாடுற ரோடு."

"நடமாடட்டும். அது வந்தா எனக்குத் தெரியும்."

அவள் டார்ச்சை எடுத்துக்கொண்டு காருக்கு முன்னால் நடக்கத் தொடங்கினாள். கார் விளக்கு வெளிச்சத்தில் அவள் முதுகு, சால்வை, ரப்பர் செருப்பு எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. பள்ளிக்கூடத்துக்குப் போகிற நடைதான். பத்தடி போனாள். நின்றாள். திரும்பி ஓர் எட்டு பக்கவாட்டில் வைத்தாள். அவ்வளவுதான், அவள் இல்லை.

ரோடு இருந்தது. வெளிச்சம் இருந்தது. ஓரத்துக் காப்பிச் செடிகள் இருந்தன. "ஜெசி" என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினேன். பள்ளம் எந்தப் பக்கம் என்று எனக்குக் குழம்பிவிட்டது. "ஜெசி, எங்க இருக்க? ஜெசிந்தா!" என்று கத்தினேன். காதர் மூச்சுக்கூட விடவில்லை.

"இங்கதாங்க நிக்கிறேன்."

குரல் என் காதுக்குப் பக்கத்தில் கேட்டது. கார் ஜன்னல் மேல் கிடந்த என் வலது கையில் அவள் விரல்கள் பட்டன. திரும்பினேன். ஒரு சாண் தூரத்தில் அவள் முகம்.

"எப்பத்துலேருந்து நிக்கிற?"

"நீங்க மொதத் தடவ கூப்பிட்டப்பவே வந்துட்டேன்" என்றாள். அழுதுகொண்டிருந்தாள். "கையக்கூட ஆட்டினேங்க."

இறங்கினேன். சாவியைக் காதரிடம் கொடுத்தேன்.  அவன் இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். ஜெசி பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். முதல் வளைவு வந்தது. காதர் சரியாக ஓட்டினான், ஒவ்வொரு திருப்பத்திலும் ஹாரன் அடித்து, விளக்கைத் தாழ்த்தி.

"காதர்" என்றேன். "நவம்பர்ல நீ பாத்தது நெசம். கண்ணாடி நல்லாத்தான் இருந்துச்சு. எனக்குத்தான் ஓரம் தெரியாது. மதுரையில காட்டிட்டேன். அது தெரிஞ்சப்புறமும் இன்னைக்கு உன்ன அப்படிப் பேசினேன்."

அவன் காரை ஓரங்கட்டினான். கைப்பிரேக்கை இழுத்தான். இன்ஜினை அணைத்தான். அதற்கப்புறம் அவன் பக்கமிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அழுதானா, என்னை வெறுத்துப் பார்த்துக்கொண்டிருந்தானா, தெரியாது. அவன் என் வலப்பக்கம் இருந்தான். அவன் முகம் தெரிய வேண்டுமென்றால் நான் முழுசாக அவன் பக்கம் திரும்ப வேண்டும். நான் திரும்பவில்லை.